பழைய கித்தான் பையைப் போர்ட்டேஜுக்குத் தேற்றியது

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் இருக்கும் அல்கான்குவின் பூங்காவின் வரைபடத்தை விரித்துப் பார்த்தால் ஏரிகள் ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு கிடப்பதுபோலத்தான் தெரியும். 7,600 சதுர கிலோமீட்டருக்கு மேல் காடு, அதற்குள் கனூ என்கிற துடுப்புப் படகு போகும் வழிகள் 2,000 கிலோமீட்டருக்கு மேல். ஆனால் ஓர் ஏரி முடிந்து அடுத்தது தொடங்கும் வரை நடுவில் தரை இருக்கிறதே, அங்கே கனூவையும் மூட்டை முடிச்சுகளையும் நாம்தான் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டும். அந்த நடைக்குத்தான் போர்ட்டேஜ் என்று பெயர். ஒவ்வொன்றின் வாயிலிலும் மஞ்சள் பலகையில் எத்தனை மீட்டர் என்று எழுதியிருப்பார்கள். கனூ ஏரியிலிருந்து ஜோ ஏரிக்கு 295 மீட்டர், அகலமான நல்ல பாதை. டிக்சன் ஏரிக்கும் பான்ஃபீல்டு ஏரிக்கும் நடுவில் 5 கிலோமீட்டருக்கு மேல். கெவ்லர் என்ற லேசான இழையில் செய்த கனூ 20 கிலோவுக்குள் அடங்கிவிடும், அதை ஒருவர் தலைக்குமேல் கவிழ்த்துச் சுமந்துவிடுவார். பயணத்தை நல்லதாக்குவதும் நாசமாக்குவதும் மிச்சமிருக்கிற சுமையும் அதைத் தாங்குகிற பையும்தான்.

மலையேற்றத்துக்கு வாங்கிய பை வீட்டில் இருந்தால் முதலில் அதையே எடுத்துப்போகத் தோன்றும். 300 மீட்டருக்குச் சமாளித்துவிடலாம். ஆனால் அந்தப் பை உயரமானது, தலைக்குமேல் நீட்டிக்கொண்டிருக்கும். கனூவைத் தோளில் கவிழ்த்ததும் பையின் உச்சி கனூவின் அடிவயிற்றில் இடிக்கும், நாம் கழுத்தைக் குனிந்து தரையைப் பார்த்தபடியே நடக்க வேண்டியதுதான். கனூவுக்குள் வைக்கும்போது இன்னொரு தொல்லை. நீள வாட்டில்தான் படுக்கும், குறுக்குக் கட்டைக்கு அடியில் நுழையாது. பக்கவாட்டில் தொங்கும் நாடாக்கள் எல்லாம் ஏதாவது ஒரு கிளையில் மாட்டும். போர்ட்டேஜ் பை இதற்கு நேரெதிர்: குட்டை, அகலம், சட்டம் கிடையாது, வெளியே பாக்கெட் கிடையாது, மேலே ஒரு பெரிய மூடி. கனூவின் நடுவயிறு ஏறக்குறைய 90 சென்டிமீட்டர் அகலம். 60, 65 சென்டிமீட்டர் அகலமுள்ள பை அதில் குறுக்காக அழகாகப் படுத்துக்கொள்ளும்.

இந்த வடிவம் புதிதில்லை. மினசோட்டாவின் டுலூத் நகரத்தில் தோல் வேலை செய்துவந்த கமீல் புவாரியே என்ற பிரெஞ்சுக் கனடியர் 1882-ல் இதற்குக் காப்புரிமை வாங்கினார். தோள்வார் இரண்டு, மார்புக்குக் குறுக்கே ஒன்று, தலைக்கு ஒன்று, போதாததற்குக் குடை சொருக ஓர் இடம்! 1911-ல் அவர் தொழிலை விற்றுவிட்டார். ஆனால் டுலூத் பேக் என்ற பெயரில் அந்தப் பை இன்றும் அதே ஊரில் தைக்கப்படுகிறது. குடை வைக்கும் இடம்தான் காணாமல் போய்விட்டது. மழைநாளில் போர்ட்டேஜ் போனவன் என்ற முறையில் அதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம்.

பழைய பையைத் தேற்றும் இந்த வேலையில் நான் இறங்கியதற்குக் காரணம் ஒரு நைலான் பை. கம்பெனி பெயர் வேண்டாம். 1,000 டீனியர் துணி (நூலின் தடிமனைச் சொல்லும் அளவு அது), நாலு பேர் பிடித்து இழுத்தாலும் கிழியாது என்று விளம்பரம், விலையும் மலிவு. ஒரு போர்ட்டேஜில் பாதி தூரத்தில், சேற்றைத் தாண்ட எட்டி வைத்தபோது, இடது தோள்வார் மேல்பக்கம் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டது. சுமை முழுக்க ஒரே தோளுக்குப் போனால் ஆள் சுற்றிக்கொண்டு விழுவான், நானும் விழுந்தேன். மிச்ச வழிக்குக் கயிறு கட்டி ஒப்பேற்றினோம்.

ஊருக்குத் திரும்பியதும் பையை டொரொன்டோவின் ஸ்கார்பரோவில் சோபா, கார் சீட் தைக்கும் கடை வைத்திருக்கிற யாழ்ப்பாணத்து அண்ணை ஒருவரிடம் கொண்டுபோனேன். துணியைத் தடவிப் பார்த்தார், உள்பக்கத்தை வெளியே திருப்பினார். “தம்பி, துணியிலை ஒரு பிழையும் இல்லை. வார் கொழுவின இடத்தைப் பாரும்” என்றார். பார்த்தேன். தோள்வாரின் நுனியை முதுகுத் துணியின் மேல் தையலுக்குள் ஒரு விரல் அளவு சொருகி, மற்ற தையலோடு சேர்த்து ஒரே ஓட்டம் ஓட்டியிருந்தார்கள். பின்னால் தாங்குதுணி இல்லை, திரும்பித் தைத்த தடம் இல்லை. உள்பூச்சும் உரிந்து பிசுபிசுத்துப் போயிருந்தது. பாலியூரித்தேன் பூச்சு ஈரத்தோடு மூட்டையாகக் கிடந்தால் நாளடைவில் இப்படித்தான் ஆகும். பூச்சு போனதும் வெட்டுவாயில் இழை பிரிகிறது, இழை பிரிந்ததும் தையலுக்குப் பிடிமானம் இல்லை. துணி எத்தனை டீனியராக இருந்து என்ன?

அதற்குப் பிறகு எந்தக் கடையில் எந்தப் பையைப் பார்த்தாலும் முதல் வேலையாக உள்ளே கையை விட்டுத் தோள்வார் சேருகிற இடத்தைத்தான் துழாவுகிறேன். கடைக்காரர்கள் ஒருமாதிரி பார்க்கிறார்கள், பார்க்கட்டும். தேடுவது நாலு விஷயம். வார் நுனி தையலுக்குள் சொருகியிருக்கிறதா, அல்லது துணியின் மேல் உள்ளங்கை அளவு படுத்துச் சதுரமும் குறுக்குமாகத் தைத்திருக்கிறதா. அதற்குப் பின்னால், பைக்குள், இன்னொரு அடுக்குத் துணியோ தோலோ இருக்கிறதா. அடிப்பக்க மூலையில் வார் முடியும் இடத்திலும் அதே கவனம் இருக்கிறதா. அப்புறம் தூக்குவதற்குத் தனியாகக் கைப்பிடி இருக்கிறதா. கைப்பிடி இல்லாத பையை எல்லோரும் தோள்வாரைப் பிடித்துத்தான் கனூவிலிருந்து இழுப்பார்கள். நடக்கும்போது படுவதைவிட அந்த வெட்டி இழுப்பில்தான் வார் அதிகம் அடிபடுகிறது.

சந்தையில் இருப்பவற்றை இந்தக் கண்ணோடு பார்த்தால் சங்கதி கொஞ்சம் தெளிவாகும்.

நைலான் போர்ட்டேஜ் பைகளில் நல்லவை நிறைய உண்டு. தண்டர் பே பக்கத்தில் நோலாலுவில் தைக்கும் ஆஸ்ட்ரம், மினசோட்டாவின் குக் கஸ்டம் சூயிங், கிரானைட் கியர் எல்லாம் இந்தத் தொழிலிலேயே ஊறினவர்கள். எடை குறைவு, இடுப்புப் பட்டை உண்டு, தண்ணீரைக் குடிக்காது, காயப்போட வேண்டிய அவஸ்தையும் குறைவு. தோள் வலிக்காரர்களுக்கு நான் கை காட்டுவது இதைத்தான்.

சீல்லைன் மாதிரி நீர்புகாப் பைகள் 115 லிட்டர் வரை வருகின்றன. வாயைச் சுருட்டிப் பூட்டிவிட்டால் கனூ கவிழ்ந்தாலும் உள்ளே ஈரம் போகாது. ஆனால் அவற்றில் தையல் இல்லை, சூட்டில் ஒட்டியது. ஊசி ஓட்டை அளவு பொத்தலுக்கு யூரித்தேன் பசை தடவினால் தீர்ந்தது. தோள்வார் ஒட்டியிருக்கும் பட்டையே உரிந்தால்தான் சிக்கல். அதை ஊசியால் தைத்தால் ஒவ்வொரு ஊசித் துளையும் ஓர் ஒழுக்கு. பையை வாங்கிய காரணமே போய்விடும்.

நீல பிளாஸ்டிக் பீப்பாய் தனி ஜாதி. 30 லிட்டர், 60 லிட்டர் என்று இரண்டு அளவு, ரப்பர் வளையத்தோடு இரும்புப் பட்டைப் பூட்டு. சாப்பாட்டுக்கு இதைவிட நல்லது எனக்குத் தெரியாது. வாசனையை அடக்கி வைக்கும். நம் வீட்டு சாம்பார் பொடியும் புளியோதரைப் பொடியும் போகிற பயணத்தில் அது சின்ன விஷயமில்லை. அல்கான்குவினில் கருங்கரடி உண்டு. பீப்பாய் கரடியைத் தாமதப்படுத்தும், தடுக்கும் என்று நம்பிவிடக் கூடாது. கூடாரத்திலிருந்து தள்ளித்தான் வைக்க வேண்டும். அங்கே உள்காட்டுக்குத் தகர டப்பாவும் கண்ணாடிப் பாட்டிலும் கொண்டுபோகத் தடை இருப்பதால் ஊறுகாய் எப்படியும் பிளாஸ்டிக் டப்பாவுக்கு மாறிவிடும், பீப்பாய்க்குள் அதுவும் நசுங்காது. ஆனால் பீப்பாயின் சுமைவாரை மலிவாக வாங்காதீர்கள். உருண்டையான, விறைப்பான ஒன்று முதுகில் உட்காரப் போகிறது. நடுவில் திண்டு இல்லையென்றால் முதுகெலும்பு ஒவ்வொன்றையும் எண்ணிக்காட்டும்.

கடைசியாகக் கித்தான். டுலூத் பேக் சதுர கஜத்துக்கு 15 அவுன்ஸ் எடையுள்ள பருத்திக் கித்தானில் தைக்கிறார்கள். அதே ஊரின் ஃபிராஸ்ட் ரிவர் 18 அவுன்ஸ் மெழுகுக் கித்தான். கனடாவில் வூட்ஸ் கம்பெனியின் பழைய பைகள் இன்னும் பல வீடுகளின் நிலவறையில் கிடக்கின்றன. கனம், மழையில் இன்னும் கனம், சரியாகக் காயவைக்காவிட்டால் பூஞ்சை. இத்தனையையும் மீறி நான் கித்தானுக்குப் போனதற்கு ஒரே காரணம், கோணி ஊசியும் நூலும் இருந்தால் அதன் எந்த இடத்தையும் எங்கே வேண்டுமானாலும் உட்கார்ந்து சரிசெய்யலாம். தையல் விட்ட இடம், எலி கடித்த இடம், வார் அறுந்த இடம், எல்லாமே கைக்கு எட்டுகிற வேலை. புதிது வாங்கும் காசு கையில் இல்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

பை கிடைத்தது ஒரு கராஜ் விற்பனையில். முத்திரை எப்போதோ பிய்ந்துபோயிருந்தது, யார் தைத்தது என்று தெரியவில்லை. வாங்கும்போது அதன் நிலைமை: கித்தான் திடமாக இருந்தது. கட்டைவிரலால் அழுத்தி இழுத்துப் பார்த்தேன், இழை விலகவில்லை. நைந்த கித்தான் என்றால் அந்த அழுத்தத்துக்கே சரசரவென்று விட்டுவிடும், அப்படி இருந்தால் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் தொடக்கூடாது. அடி மூலை ஒன்றில் எலி கடித்த ஓட்டை, மூன்று விரல் போகும். தோள்வார்கள் வெடித்து, மடித்தால் பொடி உதிர்ந்தது. வாரைப் பிடித்திருந்த செப்பு ரிவெட்டுகளில், அதாவது அடித்துப் பூட்டும் ஆணிகளில், பச்சை பூத்திருந்தது. வாசனையைப் பற்றி எழுத வேண்டாம்.

முதலில் சுத்தம். சலவை இயந்திரத்தில் போடவே கூடாது. சோப்புத்தூள் கித்தானில் இருக்கிற பழைய மெழுகையும் பதத்தையும் கழுவிக்கொண்டு போய்விடும், துணியும் சுருங்கும். காய்ந்த பிரஷ்ஷால் உள்ளும் புறமும் தேய்த்து, பூஞ்சை பிடித்த இடங்களில் வெள்ளை வினிகரில் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து ஒற்றி, உள்பக்கம் வெளியே தெரியக் கவிழ்த்து பால்கனி வெயிலில் தொங்கவிட்டேன். பூஞ்சையின் கறை போகவில்லை, வாசனை போய்விட்டது. அது போதும்.

அடுத்தது எலி ஓட்டை. ஓட்டை மட்டும்தானே என்று சின்னதாக ஒட்டுப் போட்டால் ஒட்டின் ஓரத்திலேயே மறுபடி கிழியும். கடித்த ஓரங்களை நல்ல துணி வரும் வரை வெட்டிவிட்டு, உள்ளே ஓர் ஒட்டு, வெளியே அதைவிடச் சற்றுப் பெரிதாக இன்னொன்று. ஒட்டின் மூலைகளை உருட்டி வெட்ட வேண்டும். கூர்மையான மூலைதான் முதலில் நிமிர்ந்து எதிலாவது மாட்டும். ஓரத்தை அரை அங்குலம் உள்ளே மடித்து, இரண்டு வரிசைத் தையல்.

நூல் விஷயத்தில் மறுபடி சோபாக்கடை அண்ணையிடம்தான் போனேன். “நைலோன் நூல் வெயிலுக்கு இத்துப் போயிடும் தம்பி, பொலியெஸ்டர் கொண்டுபோம்” என்றார். அவர் சொன்னது சரி. வெயிலைத் தாங்குவதில் பாலியஸ்டர்தான் கெட்டி. கித்தானுக்கென்றே உள்ளே பாலியஸ்டரும் மேலே பருத்தியும் சுற்றிய நூல் ஒன்று கிடைக்கிறது. நனைந்ததும் பருத்தி ஊதி ஊசித் துளையை அடைத்துக்கொள்ளும், பலத்தை உள்ளிருக்கும் பாலியஸ்டர் பார்த்துக்கொள்ளும். அதைத் தேன்மெழுகில் இழுத்துவிட்டுத் தைத்தேன்.

தையல் எல்லாமே கையால், சேணக்காரர்கள் போடும் இரட்டை ஊசித் தையல். ஒரே நூல், இரண்டு முனையிலும் ஊசி. குத்தூசியால் துளையிட்டு, வலது ஊசியை இந்தப் பக்கமிருந்தும் இடது ஊசியை அந்தப் பக்கமிருந்தும் அதே துளைக்குள் விட்டு இரண்டு கையாலும் இழுத்து இறுக்க வேண்டும். துளைக்குத் துளை 4 மில்லிமீட்டர். மெஷின் தையலில் மேல் நூலும் கீழ் நூலும் ஒன்றையொன்று கொக்கிபோட்டுப் பிடித்திருக்கின்றன. ஒன்று தேய்ந்து அறுந்தால் பக்கத்துத் தையல்களும் நெகிழ்ந்துகொண்டே போகும். இரட்டை ஊசித் தையலில் ஒவ்வொரு துளையிலும் நூல் இரண்டு முறை போயிருப்பதால் ஓரிடத்தில் அறுந்தாலும் அந்த இடத்தோடு நின்றுவிடும். மெதுவான வேலைதான். ஒரு பழைய கிரிக்கெட் மேட்ச் முழுக்க ஓடவிட்டு அடி மூலையை முடித்தேன்.

இனி தோள்வார். இந்தப் பைகளின் பழைய அமைப்பில் இரண்டு வார்களும் முதுகின் மேல்பக்கம் நடுவில் ஓரிடத்திலிருந்து கிளம்பி, விரிந்து போய் அடி மூலைகளில் முடியும். ஆகவே மொத்தச் சுமையும் தொங்குவது அந்த நடு இடத்தில். அதை எவ்வளவு கவனமாகச் செய்தாலும் தகும்.

தோலுக்கு ஒன்டாரியோவின் வாட்டர்லூ பக்கம் போனேன். அங்கே மென்னனைட் என்ற கிறிஸ்தவப் பிரிவு மக்களில் ஒரு பகுதியினர் இன்றும் குதிரை வண்டிதான் ஓட்டுகிறார்கள், அதனால் சேண வேலை உயிரோடு இருக்கிறது. சேணத் தோல் என்பது மரப்பட்டைச் சாறில் பதப்படுத்தி, எண்ணெயும் மெழுகும் உள்ளே ஏற்றியது. மழையில் நனைந்து காய்ந்தாலும் பலகைபோல விறைக்காது. 5 சென்டிமீட்டர் அகலம், 3.5 மில்லிமீட்டர் தடிமனில் இரண்டு வார் வெட்டி வாங்கினேன். கைப்பைக்கு விற்கும் மெத்தென்ற தோலை இதற்கு வாங்கக் கூடாது, பார்க்க அழகு, சுமை ஏறினால் இழுத்துக்கொண்டே போகும்.

பழைய ரிவெட்டைக் கழற்ற, அடித்து உப்பவைத்த முனையை அரத்தால் மட்டமாகத் தேய்த்துவிட்டால் வாஷர் தானாக விழும், பிறகு உள்ளிருந்து தட்டிவிடலாம். பிடுங்கினால் கித்தானும் சேர்ந்து வரும். பழைய துளைகள் அகண்டிருந்தன. அவற்றையே மறுபடி பயன்படுத்தாமல் ஒரு விரல் அளவு கீழே புதிதாகத் துளைத்தேன். வைத்த வரிசை இது: வெளியே தோள்வார், அடுத்து பையின் கித்தான், உள்ளே ஒரு கித்தான் ஒட்டு, அதற்கும் உள்ளே உள்ளங்கை அளவு தோல். நாலு அடுக்கையும் சேர்த்து முதலில் சதுரமும் குறுக்குமாகத் தைத்து, அப்புறம்தான் ரிவெட். தையல் விரிந்த பரப்பில் சுமையைப் பிரித்துக்கொடுக்கும், ரிவெட் அடுக்குகள் நழுவாமல் பிடித்துக்கொள்ளும். ரிவெட்டை மட்டும் நம்பினால் கித்தானில் அந்தத் துளை நாளுக்கு நாள் நீண்டுகொண்டே போகும்.

ரிவெட் எப்போதும் கெட்டிச் செம்பு. குழல்போல உள்ளே கூடாக இருப்பவை பெல்ட்டுக்குச் சரி, இதற்கு வேண்டாம். வழவழப்பான தலை முதுகுப் பக்கம் வரும்படி வெளியிலிருந்து செலுத்தி, உள்ளே வாஷரை இறக்கி, மிச்சத் தண்டை 2 மில்லிமீட்டர் விட்டு நறுக்கினேன். கீழே பட்டறைக்கல்லுக்குப் பதில் உடற்பயிற்சி இரும்புத் தட்டு ஒன்று. உருண்டை முகச் சுத்தியலால் நடுவில் ஓங்கி அடிக்காமல் சுற்றிச் சுற்றிச் சின்னச் சின்ன அடியாக அடித்தால் தண்டு காளான் தலைபோல விரிந்து வாஷரை மூடும். ஓங்கி ஒரே அடி அடித்தால் தண்டு உள்ளே வளைந்துகொள்ளும், வெளியே பார்த்தால் தெரியவே தெரியாது. அடித்து முடித்ததும் விரலால் தடவிப் பார்த்து, கூரான ஓரத்தை அரத்தால் மழுக்கி, மேலே ஒரு மெல்லிய தோலை ஒட்டினேன். பைக்குள் போடும் பிளாஸ்டிக் உறையை அந்த ஓரம் துளைத்தால் நீர்புகாமை அங்கேயே முடிந்தது.

பையின் இரண்டு தோளிலும் தூக்குபிடிகள் புதிதாக வைத்தேன். இவற்றைப் பையின் காது என்றே வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றுக்கும் பின்னால் அதேபோல உள் ஒட்டு.

மெழுகு. தேன்மெழுகு 200 கிராம், பாரஃபின் 100 கிராம். வெறும் பாரஃபின் குளிரில் மடிப்பில் வெடிக்கும், வெறும் தேன்மெழுகு வெயிலில் கையில் ஒட்டும். கொதிக்கும் தண்ணீர்ப் பாத்திரத்துக்குள் இன்னொரு பாத்திரம் வைத்துத்தான் உருக்க வேண்டும், நேரடித் தீயில் மெழுகு பற்றிக்கொள்ளும். சிலர் ஆளிவிதை எண்ணெய் சேர்க்கிறார்கள். அந்த எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டால் தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும், அடுக்குமாடி வீட்டில் அந்த வம்பு எனக்கு வேண்டாம் என்று விட்டுவிட்டேன். பிரஷ்ஷால் பூசி, முடி உலர்த்தியால் சூடுகாட்டினால் வெள்ளையாகப் படிந்த மெழுகு துணிக்குள் உறிஞ்சிக் கறுத்துப்போகும். அடிப்பக்கத்துக்கும் மூடிக்கும் மட்டும்தான் பூசினேன். முழுப் பைக்கும் பூசினால் எடை ஏறும், முதுகுப் பக்கம் சட்டையில் ஒட்டும். மெழுகுப் பையை நெருப்புக்கு அருகில் வைக்கக் கூடாது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். எல்லாம் முடிந்து தராசில் வைத்தபோது வெறும் பை மூன்று கிலோவைத் தொட்டது. நைலான்காரர்கள் சிரிக்கலாம்.

கடைசியாகத் தலைவார். இதில்தான் எனக்கு ஆர்வம் அதிகம். ஐரோப்பியர் வருவதற்கு முன்பிருந்தே இந்த மண்ணின் பூர்வகுடிகள் தலையில் வார் போட்டுத்தான் சுமந்தார்கள். அவர்களிடமிருந்து மென்மயிர் வணிகத்தின் துடுப்புக்காரர்கள் கற்றுக்கொண்டார்கள். ஒரு சிப்பம் 90 பவுண்டு, ஓர் ஆள் ஒரு நடைக்கு இரண்டு சிப்பம். கிராண்ட் போர்ட்டேஜ் என்ற இடத்தில் அதோடு 13 கிலோமீட்டருக்கு மேல் நடந்தார்கள். ஒன்டாரியோவின் டெமாகமியில் கீவேடின் என்ற கோடை முகாமின் பிள்ளைகள் இப்போதும் மரப்பெட்டிகளைத் தலைவாரில் சுமக்கிறார்கள். வால்பாறையிலோ நுவரெலியாவிலோ கொழுந்துக் கூடையைத் தலையில் கயிறு போட்டு முதுகில் தொங்கவிட்டு நடக்கும் பெண்களைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம், அதே கணக்குத்தான்.

வார் நெற்றியில் விழக் கூடாது. நெற்றியில் விழுந்தால் கழுத்து பின்னால் மடங்கும். முன்முடி தொடங்கும் கோட்டுக்குச் சற்று மேலே, உச்சிக்குப் போகும் வழியில் உட்கார வேண்டும். அப்போது சுமை நேராக முதுகெலும்பு வழியாக இறங்கும். 7 சென்டிமீட்டர் அகலத் தோல் பட்டை, இரண்டு பக்கமும் நீண்ட வால், வால்களைப் பையின் மேல் பக்கவாட்டில் பக்கிளில் கோத்தேன். நீளம் பார்ப்பது எளிது: தலைவாரைப் போட்டதும் தோள்வாருக்கு அடியில் ஒரு விரல் நுழைகிற அளவு தளர்வு வந்தால் சரி. ஏற்றத்தில் தலைக்கு, இறக்கத்தில் தோளுக்கு என்று மாற்றிக்கொண்டே போகலாம், அந்த மாற்றமே ஓய்வு. கழுத்தெலும்பில் பிரச்சினை உள்ளவர்கள் இந்தப் பக்கமே வர வேண்டாம்.

சோதனைக்கு மளிகையே போதுமாக இருந்தது. 20 பவுண்டு அரிசி மூட்டை இரண்டு, மேலே தண்ணீர் கேன், நடுவில் போர்வை. ஸ்கார்பரோவின் ஓடைப் பள்ளத்துக்கு இறங்கும் மரப்படிகளில் ஏறி இறங்கினேன். நாய் கூட்டிவந்த ஒரு பெண்மணி எங்கே குடிபெயர்கிறீர்கள் என்று கேட்டார். வீட்டுக்கு வந்து உள்பக்கம் பார்த்தபோது தோலில் ரிவெட்டைச் சுற்றி மெல்லிய பள்ளம் விழுந்திருந்தது, தோல் படிந்து உட்காருகிறது என்று அர்த்தம். கித்தானில் துளை நீளவில்லை.

பிறகு ஜோ ஏரி வழியாக வடக்கே போனோம். அடுக்கிய விதம்: பைக்குள் தடித்த பாலிதீன் உறை, முதுகுப் பக்கம் மடித்த உறங்குபாய், அடியில் உடுப்பும் உறக்கப்பையும், கனமானதெல்லாம் மேலே. மலையேற்றப் பையில் கனத்தை இடுப்புக்கு மேலே நடுவில் வைப்பார்கள், தலைவாருக்கு இன்னும் உயரத்தில் இருந்தால்தான் சுமை பின்னுக்கு இழுக்காது. தூக்கும்போது காதைப் பிடித்து முதலில் தொடையில் ஏற்றி, ஒரு கையை நுழைத்து, அப்படியே சுழன்று முதுகுக்கு. கனூவிலிருந்து இறக்கும்போதும் காதைத்தான் பிடிக்க வேண்டும். கூட வந்தவர்களுக்கு இதைச் சொல்லிச் சொல்லி என் வாய் வலித்தது.

இரண்டாம் நாள் பிற்பகல் முழுக்க மழை. மெழுகு பூசிய மூடியில் தண்ணீர் முத்து முத்தாக உருண்டது, பூசாத பக்கங்கள் ஊறிக் கறுத்தன, பாலிதீன் உறைக்குள் எதுவும் நனையவில்லை. கனூவின் அடியில் தேங்கிய தண்ணீரில் பை மணிக்கணக்கில் உட்கார்ந்திருந்தது, எலி ஓட்டை இருந்த மூலை உள்ளே காய்ந்தே இருந்தது. தோள்வார் நனைந்து சற்று நீண்டதால் பக்கிளில் ஒரு துளை இறுக்கினேன். பழையபடியே விட்டிருந்த மூடி வார்கள்தான் நீண்டு தொளதொளத்தன. அவற்றையும் சேணத் தோலுக்கு மாற்றும் வேலை பாக்கி. திரும்பியதும் பையைக் கவிழ்த்து, வாயைக் குச்சியால் விரித்து, இரண்டு நாள் காற்றாட விட்டேன். தொட்டால் காய்ந்தது போலிருக்கும், தையல் மடிப்புக்குள் ஈரம் நிற்கும், அங்கேதான் பூஞ்சை தொடங்குகிறது.

இதையெல்லாம் படித்துவிட்டு உடனே பை வாங்கக் கிளம்ப வேண்டாம். பூங்காவின் நுழைவிடங்களுக்குப் பக்கத்தில் கனூ வாடகைக்குக் கொடுக்கும் கடைகளிலேயே போர்ட்டேஜ் பையும் பீப்பாயும் வாடகைக்குக் கிடைக்கும். முதல் பயணத்துக்கு அது போதும். திருப்பிக் கொடுக்கும் முன் பையை உள்பக்கம் திருப்பி, மேல் வார் சேரும் இடத்தையும் அடி மூலைகளையும் நிதானமாகப் பாருங்கள். கோடை முழுக்க யார் யாரோ இழுத்தடித்த பை அது. எந்த இடத்துத் தையல் விட்டிருக்கிறது, எங்கே திரும்பத் தைத்திருக்கிறார்கள் என்பதெல்லாம் அங்கே அப்படியே தெரியும். அப்புறம் கடைக்குப் போங்கள்.